அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது?

காதில் 'கீ' என்று விசில் கேட்பவருக்கு, சத்தம் தன் காதில்தான் இருக்கிறது என்பது பெரும்பாலும் முதல் நாளே பிடிபட்டுவிடும். தலையைக் குலுக்கிப் பார்ப்பார், காதைக் குடைந்து பார்ப்பார், பிறகு டாக்டரிடம் போவார். தாழ்ந்த சுருதியில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்பவரின் கதை வேறு. அவர் முதலில் போவது மொட்டை மாடிக்கு. தண்ணீர் மோட்டாரை யாராவது நிறுத்த மறந்துவிட்டார்களா என்று பார்க்கிறார். ஃபிரிட்ஜின் ஸ்விட்சை அணைக்கிறார். பக்கத்து வீட்டு ஏசி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், கீழ்த்தளத்து இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றின் மீதும் சந்தேகம் போகிறது. கடைசியில் தூங்குகிறவரை எழுப்பி, "உனக்குக் கேக்கலையா?" என்று கேட்கிறார். அவருக்குக் கேட்கவில்லை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் சொன்ன வர்ணனை ஏறக்குறைய ஒன்றே: இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி, இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருப்பதுபோல். வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகம், பகலைவிட இரவில் அதிகம். அருகில் இருப்பவருக்குக் கேட்காத சத்தத்தைத் தேடி நள்ளிரவில் அலைகிறவரை வீட்டார் விநோதமாகப் பார்ப்பார்கள். ஆனால் அவர் தேடுவதில் நியாயம் இருக்கிறது. தாழ்ந்த ஒலி, உள்ளேயா வெளியேயா என்று காதால் தீர்மானிக்கவே முடியாத ஒலி. அது இயற்பியல் விஷயம்.

ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் மூளை அறிகிறது. ஒரு காதுக்குச் சற்று முன்னதாக வந்து சேரும். தலை மறைப்பதால் மறு காதில் சற்றுக் குறைந்து கேட்கும். விநாடிக்கு 50 அதிர்வுகள், அதாவது 50 ஹெர்ட்ஸ் கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அந்த அலைக்கு மனிதத் தலை ஒரு தடையே இல்லை. சுற்றி வளைந்து போய்விடும். இரு காதிலும் ஒரே அளவு கேட்கும். நேர வித்தியாசத்தில் கொஞ்சநஞ்சம் கிடைக்கும் தடயத்தையும், மூடிய அறையில் நான்கு சுவர்களிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி கலைத்துவிடுகிறது. ஆகவே சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல், அல்லது தலைக்குள்ளேயே இருப்பதுபோல் தோன்றும். தலைக்குள் பிறக்கும் ஓசையும் அப்படித்தான் தோன்றும்.

செங்கல் சுவர் பேச்சையும் ஹாரனையும் நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த அதிர்வைத் தடுப்பது குறைவு. இரவில் தெருச் சந்தடி அடங்கியதும் மிஞ்சுவது இந்த அடி ஒலிதான். அறைக்குள் நுழைந்த பிறகு அது எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நிலை அலையாக நிற்கும். மூலையில் உரக்கக் கேட்கும், நடு அறையில் தேய்ந்துபோகும். இதில் தேடுகிறவருக்குப் பயன்படும் நல்ல தடயம் ஒன்று உண்டு. கட்டிலின் தலைமாட்டில் பலமாகவும் நான்கு அடி நகர்ந்தால் மெலிதாகவும் ஒரு சத்தம் மாறுமானால் அது அறையில் இருக்கிறது. காதுக்குள் பிறக்கும் ஓசைக்குக் கட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அளவுமானியும் இங்கே கைகொடுப்பதில்லை. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. 1000 ஹெர்ட்ஸில் 2 அல்லது 3 டெசிபல் இருந்தாலே கேட்டுவிடும் நமக்கு, 50 ஹெர்ட்ஸ் கேட்க 44 டெசிபல் வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்கு 78 வேண்டும். இந்த மந்தத்தைக் கணக்கில் கொள்வதற்காக, வழக்கமான ஒலிமானிகள் 'ஏ' அளவுகோலில் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் காட்டுகின்றன. 50 ஹெர்ட்ஸில் கழிவு 30 டெசிபல். அறையில் 65 டெசிபல் வலுவுடன், படுத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி உறுமல் இருந்தாலும் மானி 35 என்றுதான் சொல்லும். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45. புகார் கொடுத்தவரிடம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். மானி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி போதவில்லை. செல்போன் செயலிகளை இன்னும் நம்ப முடியாது. போனின் மைக், பேச்சைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தாழ்ந்த ஒலிகளில், கேட்கத் தொடங்கும் எல்லைக்கு மேலே ஒரு சில டெசிபல் கூடினாலே உரப்பு வெகுவாக ஏறிவிடும். கணவரின் காதுக்கு எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒலி, மனைவியின் காதுக்குச் சற்று மேலே இருந்தால், ஒரே அறையில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார், மற்றவர் விழித்துக் கிடப்பார். இருவர் சொல்வதும் உண்மை.

இப்படி விழித்துக் கிடந்தவர்கள் ஊர் ஊராகத் திரண்டு புகார் செய்த வரலாறு இருக்கிறது. 1970-களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அது பெரிய செய்தியானது. ஆங்கிலத்தில் 'ஹம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து டாவோஸ் என்ற சிற்றூரில் எழுந்த புகார், நாடாளுமன்றம் வரை போனது. 1993-ல் லாஸ் அலமோஸ், சாண்டியா தேசிய ஆய்வகங்களின் விஞ்ஞானிகளும் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தாரும் கருவிகளோடு வந்து இறங்கினார்கள். ஒலி, நில அதிர்வு, மின்காந்தம் எல்லாவற்றையும் அளந்தார்கள். ஊராரில் ஏறக்குறைய 2 சதவீதத்தினருக்கு அந்தச் சத்தம் கேட்பதாகத் தெரிந்தது. அதற்கு ஈடான வெளி ஒலி ஒன்றும் கருவியில் அகப்படவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சத்தம் கேட்பவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒலிக் கருவியைத் திருகி உங்கள் சத்தத்தோடு பொருந்தும் சுருதியைக் காட்டுங்கள் என்றார்கள். ஒருவர் காட்டியது 32 ஹெர்ட்ஸ் அருகில், மற்றொருவர் காட்டியது 80 அருகில். ஊரில் ஒரே இயந்திரம் ஓடியிருந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் கையை நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாம் காதுக்குள்தானா? அவசரப்பட வேண்டாம். கனடாவின் விண்ட்சர் நகர மக்கள் 2011 முதல் சன்னல் அதிரும் உறுமலைப் பற்றிப் புகார் செய்தார்கள். நில அதிர்வுக் கருவிகள், ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள சக் தீவின் பக்கம் கை காட்டின. எஃகு ஆலையின் ஊதுலைகள் இருந்த தீவு அது. 2014-ல் வெளியான பல்கலைக்கழக ஆய்வும் அந்தத் தீவையே சுட்டியது. அக்கரையில் போய் அளக்க வழியில்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2020-ல் அங்கே உலைகள் நிறுத்தப்பட்டன. உறுமலும் நின்றது. இத்தனை ஆண்டுகள் பிரமை என்று ஒதுக்கப்பட்டவர்கள் சொன்னது சரி.

கலிபோர்னியாவில் சாசலிட்டோ படகு வீடுகளில் குடியிருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது ஆலைகூட அல்ல, ஒரு மீன். மிட்ஷிப்மேன் என்ற அந்த மீனின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் தன் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசைகளை அதிரவைத்து, விநாடிக்கு நூறு அதிர்வுகள் அளவில், மணிக்கணக்காக முனகிப் பெண் மீனை அழைக்கிறது. 1980-களில்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இண்டியானா மாநிலத்து கோகோமோ நகரை. 1999 வாக்கில் தொடங்கிய புகார்களில் தூக்கமின்மை மட்டுமல்ல, தலைவலி, குமட்டல், மூட்டுவலி எல்லாம் இருந்தன. நகராட்சி ஒலியியல் வல்லுநர்களை அமர்த்தியது. 2003-ல் அறிக்கை வந்தது. ஒரு வார்ப்பாலையின் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து 36 ஹெர்ட்ஸ், மற்றோர் ஆலையின் காற்றழுத்த இயந்திரத்திலிருந்து 10 ஹெர்ட்ஸ் என இரண்டு மூலங்கள் அகப்பட்டன. இரண்டும் சரிசெய்யப்பட்டன. சிலருக்கு நிம்மதி. சிலருக்கோ எந்த மாற்றமும் இல்லை. சத்தம் அப்படியே இருந்தது. வெளியே ஒரு சத்தமும் உள்ளே ஒரு சத்தமும் ஒரே ஊரில் ஒரே பெயரில் உலவிக்கொண்டிருந்திருக்கின்றன. ஏன், ஒரே மனிதரிடமே இரண்டும் இருக்கலாம்: ஆலைச் சத்தத்தைக் கூர்ந்து கேட்டுப் பழகிய காது, அதன் அடியில் தன்னுடைய சொந்த ஓசையையும் கண்டுபிடித்திருக்கலாம்.

சொந்த ஓசை என்றால் என்ன? இரண்டு கட்டைவிரல்களாலும் காதுகளை நன்றாக அடைத்துக்கொண்டு, முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். தொலைவில் இடி உருள்வதுபோல் ஒரு முழக்கம் கேட்கும். கையைத் தளர்த்தினால் குறையும். அது தசை இழைகள் சுருங்கும் சத்தம். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரிமால்டி இதைக் கவனித்து எழுதினார். 1810 வாக்கில் இங்கிலாந்தின் வோலஸ்டன், விநாடிக்கு எத்தனை அதிர்வு என்றே கணக்கிட முயன்றார். ஏறக்குறைய 25. நம் உடல் சதா இந்தச் சுருதியில் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. தசை, ரத்தம், மூச்சு, தாடை எல்லாமே தாழ்ந்த ஒலிகளை எழுப்புகின்றன. தாழ்ந்த ஒலிகளுக்குக் காது மந்தமாக இருப்பதால்தான் நாம் நிம்மதியாக வாழ்கிறோம். அந்த மந்தம் சற்றே விலகினாலும், காதில் அடைப்பு ஏற்பட்டு வெளிச் சத்தம் குறைந்தாலும், உள்ளே இருப்பது மேலே வரும். காதில் குறும்பி அடைத்தாலோ, சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினாலோ, காது கும்மென்று அடைத்துக்கொண்டு உறுமல் கேட்பது இதனால்தான். டாக்டரின் ஐந்து நிமிடப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய காரணங்கள் இவை. பல மாதம் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிக்கும் முன் காதுக்குள் ஒருவர் விளக்கடித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது உட்செவி. நத்தைக் கூடுபோல் சுருண்ட காக்ளியாவில், நுழைவாயில் பக்கம் உயர்ந்த சுருதிகளுக்கும், உச்சிச் சுருள் தாழ்ந்த சுருதிகளுக்கும் உரியது. உள்ளே ஓடும் மெல்லிய சவ்வு வாயிலில் குறுகி விறைப்பாகவும் உச்சியில் அகன்று தளர்வாகவும் இருப்பதுதான் காரணம். இந்த ஏற்பாட்டைக் கண்டு விளக்கிய பெக்கெஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. உட்செவித் திரவத்தின் அழுத்தம் கூடும்போது, தளர்வான உச்சிப் பகுதி முதலில் பாதிக்கப்படுகிறது என்று கருதப்படுகிறது. 1861-ல் பிரான்ஸின் மெனியே விவரித்த நோயில், சுழலும் தலைசுற்றல், காதடைப்பு, கூடிக்குறையும் செவித்திறன் இவற்றோடு வரும் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த உறுமலாகவே இருப்பதும், செவித்திறன் முதலில் தாழ்ந்த சுருதிகளில் குறைவதும் அதனால்தான். தலைசுற்றல் இல்லாமல், தாழ்ந்த சுருதிகள் மட்டும் திடீரென்று மங்கிப்போகும் நிலையும் தனியாக உண்டு. நடுச்செவியின் அங்கவடி எலும்பு மெல்ல இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸிலும் தாழ்ந்த ஓசை கேட்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை இருக்கிறது.

ஓசை எந்தச் சுருதியில் கேட்கிறது என்பதற்கும், காது எந்தச் சுருதியை இழந்தது என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. நல்ல செவித்திறன் கொண்ட 18 பேருக்கு ஒரு காதில் மட்டும் 7 நாள் அடைப்பான் வைத்துப் பார்த்தார்கள் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள். 2012-ல் வெளியான ஆய்வு அது. 14 பேருக்கு இல்லாத சத்தங்கள் கேட்கத் தொடங்கின. அடைப்பானை எடுத்ததும் மறைந்தன. காதிலிருந்து வரும் சமிக்ஞை குறைந்தால், மூளையின் செவிப்பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது நரம்புகளின் இயல்பான சலசலப்பே ஒலியாக உணரப்படுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். எனவே உறுமல் கேட்பவருக்குத் தாழ்ந்த சுருதிகளில் செவித்திறன் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். சாதாரண ஆடியோகிராம் பெரும்பாலும் 250 ஹெர்ட்ஸில் தொடங்கும். 125-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நடுச்செவியின் அழுத்தம் பார்க்கும் சோதனையையும் விடக்கூடாது.

காதிலிருந்து வரும் நரம்புகள் முதலில் போய்ச் சேரும் மூளைத் தண்டின் முடிச்சில், தாடையிலிருந்தும் கழுத்திலிருந்தும் வரும் நரம்புகளும் கலக்கின்றன. பல்லைக் கடித்தால், கழுத்தைத் திருப்பினால் சிலருக்கு ஓசை மாறுவது இதனால். ஹம் கேட்பவர்களில் சிலருக்குத் தலையைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போது உறுமல் ஒரு கணம் நின்றுபோகிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. வெளி இயந்திரம் யாருடைய தலைத் திருப்பலுக்கும் நிற்காது.

ஆக, தேடுவதானால் சுருக்கமாகவும் நேர்மையாகவும் தேடிவிடலாம். வீட்டின் மெயின் ஸ்விட்சை ஓர் இரவு அணைத்துப் பார்ப்பது முதல் படி. நின்றுவிட்டால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நீண்டு சுருங்குவதால் அதன் உறுமல் 100 ஹெர்ட்ஸில் வரும். கேட்கும் சுருதி அதுவா என்று போனில் ஒலி எழுப்பும் செயலியோடு நல்ல ஹெட்போனில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது இன்னொரு சோதனையும் சேர்ந்தே நடக்கும். வெளியில் உண்மையான ஒலி இருந்து, அதற்கு மிக அருகிலான சுருதியைச் சேர்த்து ஒலிக்கவிட்டால், இரண்டும் கலந்து 'வா...வ்... வா...வ்' என்று ஏறி இறங்கும். வீணையைச் சுருதி சேர்க்கிறவர்கள் காது கொடுத்துக் கேட்பது இதைத்தான். மூளைக்குள் பிறக்கும் ஓசைக்குக் கலப்பதற்கு அலை இல்லை. பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம் வராது. வேறு ஊருக்குப் போய்த் தங்கும்போதும் அதே சுருதி, அதே உறுமல் கூடவே வந்தால் விடை ஏறக்குறைய கிடைத்துவிட்டது. காதை அடைத்தால் கூடுகிறதா என்று பார்ப்பதும் உதவும். வெளி ஒலியானால் குறையும், உள்ளிருப்பது எடுத்துக் கேட்கும். தாழ்ந்த ஒலியைப் பஞ்சும் ரப்பரும் அரைகுறையாகவே தடுக்கும் என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

சில அறிகுறிகள் இருந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஓசை நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தால் ரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு காதில் மட்டும் தொடர்ந்து கேட்டாலும், தலைசுற்றல் சேர்ந்தாலும் அப்படியே. திடீரென்று ஒரு காது மந்தமானால் அது அவசரம். முதல் இரண்டு வாரங்களுக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்குவதற்குத்தான் நல்ல பலன் இருக்கிறது. அதிக அளவு ஆஸ்பிரின், சில நீர் இறக்கி மாத்திரைகள், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடியவை. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் பலருக்குக் காரணம் இதுதான் என்று கைகாட்ட முடிவதில்லை. 'எல்லாம் நார்மல்' என்ற ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறவரின் மனநிலையை நான் கண்டிருக்கிறேன். நார்மல் என்பது அவருக்கு ஆறுதலாக இருப்பதில்லை. நீ சொல்வதை நம்பவில்லை என்பதுபோல் காதில் விழுகிறது. அந்த இடத்தில் மருத்துவர் இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவிட்டு விளக்கினால் எவ்வளவோ மாறும். சொல்வதற்கு உண்மையான செய்தியும் இருக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் சிறிது நேரம் உட்காரவைத்தார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் ஓசை கேட்டது. முழு நிசப்தம் என்பது மனிதருக்கு வாய்க்கவே இல்லை. 2022-ல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வயதுவந்தோரில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்குக் காது இரைச்சல் இருப்பதும், கடுமையாக வதைபடுவோர் 2 சதவீதம் என்பதும் தெரியவந்தது. ஓசை பலருக்கும் இருக்க, சிலர் மட்டும் ஏன் வதைபடுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சியின் மையக் கேள்வியாக இருந்துவருகிறது.

1990-ல் யாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் முன்வைத்த மாதிரி இதற்கு ஒரு விடை. செவிப்பாதையில் எழும் பலவீனமான சமிக்ஞையை, ஆபத்தைக் கண்காணிக்கும் மூளைப் பகுதிகள் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டால், அதை வடிகட்டி ஒதுக்கும் வேலை நின்றுவிடுகிறது. பிறகு ஒவ்வொரு இரவும் 'இருக்கிறதா?' என்று காது கொடுக்கிறோம், இருக்கிறது. இங்கேதான் உறுமலின் தனிக் கொடுமை. விசில் கேட்பவர் தேடி அலைவதில்லை. உறுமல் கேட்பவர் ஆண்டுக்கணக்கில் சுவரில் காது வைத்துக் கேட்டு, அந்தச் சுருதியைத் தன் மூளைக்கு மிகமிக முக்கியமானதாக ஆக்கிவிடுகிறார். எல்லாச் சோதனைகளும் முடிந்த பின் தேடலை நிறுத்துவது மருந்துக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை.

காது இரைச்சலை நிறுத்தும் மாத்திரை என்று ஒன்று இன்றுவரை இல்லை. ஜின்கோ மாத்திரையும் விளம்பரச் சொட்டுகளும் வாங்குகிற பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கும். சான்று உள்ளது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. 28 ஆய்வுகளில் பங்கேற்ற 2,733 பேரின் முடிவுகளை 2020-ல் காக்ரேன் மதிப்பாய்வு தொகுத்துப் பார்த்தது. ஓசை வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு அந்தச் சிகிச்சையால் குறைகிறது. அது ஓசையின் உரப்பைக் குறைப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. செவித்திறன் குறைந்திருந்தால் காது கருவி போடுவது, இழந்த ஒலியைத் திருப்பிக் கொடுத்து, ஓசையையும் பின்னுக்குத் தள்ளுகிறது.

இரவுக்கு ஒரு துணைச் சத்தம் வேண்டும். மழைச் சத்தம், கடலலைச் சத்தம் என்று போனில் ஓடவிடுபவர்கள் பலன் இல்லை என்று கைவிடுவதுண்டு. போனின் சிறு ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது என்பது காரணம். கிடைப்பது 'ஸ்ஸ்' என்ற மேல்பாதி மட்டும். உறுமலுக்கு அடி கனத்த சத்தம் வேண்டும். சற்றுப் பெரிய ஸ்பீக்கர், அல்லது பழைய டேபிள் ஃபேன். அதை உறுமலை முழுக்க மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்க வேண்டியதில்லை. இரண்டும் கலந்து, உறுமல் இன்னும் மெலிதாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அளவே சரி. மூளையை ஓசைக்குப் பழக்கும் பயிற்சி அளிக்கும் செவியியலாளர்கள் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: காதில் விழாத ஒன்றுக்கு மூளை பழக முடியாது.